பச்சைப் பிள்ளையின் தோல்: எத்தனையாம் நாள் வந்தது என்று பாருங்கள்

பிள்ளையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். உடம்பு சிவந்திருந்தால் செவ்வாப்பு, தோல் உரிந்தால் கரப்பான், கொப்புளம் தெரிந்தால் அக்கி, பொரிப்பொரியாக இருந்தால் வேர்க்குரு. பெயர் வந்துவிட்டால் அதற்கொரு பூச்சும் வந்துவிடும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பேறு முடிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு முதல் நாற்பது நாளில் வரும் கவலையில் பாதி இந்த வழியாக வருவதுதான்.

பிறந்த பிள்ளையின் தோலில் தோன்றுகிறவற்றில் பெரும்பாலானவை வந்த வழியே போய்விடும். ஆபத்தானவை கொஞ்சம்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெயர் உதவாது. பிறந்து எத்தனையாம் நாள் வந்தது, உடம்பில் எந்த இடத்தில் வந்தது, பிள்ளை வழக்கம்போல் பால் குடிக்கிறதா என்ற கேள்விகள்தான் உதவும். அவற்றிலும் நாள் கணக்கே முதலில் பேசும். ஒரே மஞ்சள் நிறம் முதல் நாளில் தெரிந்தால் ஒரு பொருள், நாலாம் நாளில் தெரிந்தால் வேறு, மூன்றாம் வாரத்தில் தெரிந்தால் இன்னொன்று.

இந்தத் தோலின் இயல்பை முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் மேலடுக்கு பெரியவர்களுடையதைவிட மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்போ பெரியவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் பூசுகிற மருந்து கூடுதலாக உள்ளே போகும், உடம்புச் சூடு வேகமாக வெளியே போகும். பிறந்தபோது தோலின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 6-க்கு மேல் இருக்கும். சில வாரங்களில் அது 5-ஐ ஒட்டி இறங்கி லேசான அமிலத்தன்மைக்கு வரும். கிருமிகளை அண்டவிடாமல் வைப்பதில் இந்த அமிலத்தன்மைக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. தினம் உச்சி முதல் உள்ளங்கால்வரை சோப்புப் போட்டால் இந்த மாற்றம் தடைபடுகிறது.

முதல் நாள்

பிறந்த உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் பிசின் அழுக்கு அல்ல. கருப்பை நீரில் தோல் ஊறிப்போகாமல் காத்தது அதுதான். பிறந்தபின்னும் தோல் வறளாமல் பார்த்துக்கொள்ளும். துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும், வழித்தெடுக்க வேண்டியதில்லை. முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குடும்ப வழக்கத்தால் முடியாவிட்டால் குறைந்தது 6 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். உடனே குளிப்பாட்டினால் சூடு இறங்கிப் பிள்ளை சோர்ந்துவிடும், தாய்ப்பால் தொடங்குவதும் தள்ளிப்போகும்.

கையும் காலும் நீலம் பாரித்திருப்பது முதல் ஓரிரு நாளில் இயல்பு. நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலமாக இருந்தால் அது ரத்தத்தில் பிராணவாயு குறைவதன் அடையாளம். அப்போது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. பிறக்கும்போதே உடம்பு முழுவதும் இறுகிய, பளபளவென்ற படலம் மூடியிருந்தால் அது மரபுவழித் தோல் நோயாக இருக்கலாம். சொந்தத்துக்குள் மணம் செய்த குடும்பங்களில் இதற்கு வாய்ப்புக் கூடுதல். படலத்தை உரிக்காமல் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டும்.

சிவந்த தடிப்பும் சீழ்க் கொப்புளமும்

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நெஞ்சிலும் முதுகிலும் முகத்திலும் சிவந்த திட்டுகள் கிளம்பும். ஒவ்வொரு திட்டின் நடுவிலும் கடுகளவு வெளிர்மஞ்சள் முனை இருக்கும். கொசு கடித்தது போலத் தெரியும். காலையில் நெஞ்சில் இருந்தது மாலையில் வயிற்றுக்கு மாறியிருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் வராது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வரும் இதை மருத்துவர்கள் எரித்திமா டாக்சிகம் என்பார்கள். கிருமியால் வருவதல்ல. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் போய்விடும். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நம் வீடுகளில் கடினம் என்பது வேறு விஷயம்.

கவனிக்க வேண்டியது இதைப் போலத் தோன்றும் சீழ்க் கொப்புளத்தை. அது பெரும்பாலும் கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் வரும். உள்ளே மஞ்சள் சீழ் தெரியும், உடைந்தால் ஈரப்புண்ணாக நிற்கும். இந்திய அரசின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு நெறிமுறை இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது: பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சீழ்க் கொப்புளங்களோ ஒரு பெரிய கட்டியோ இருந்தால், கடுமையான தொற்றாகவே கருதி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பத்துக்குக் கீழே என்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும். ஊசியால் குத்தக் கூடாது.

அக்கி என்று பெயர் சொல்லப்படும் கொப்புளக் கூட்டம் இன்னும் ஆபத்தானது. பெரியவர்களுக்கு அக்கி வந்தால் காவி மண்ணால் எழுதிவிடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பிறந்த பிள்ளைக்குத் தலையிலோ வாயைச் சுற்றியோ நீர்க்கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால், அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். முதல் மாதத்தில் அது மூளைக்கும் ஈரலுக்கும் பரவக்கூடியது. அன்றே நரம்பு வழியாக மருந்து ஏற்றினால்தான் பிள்ளையைக் காப்பாற்ற முடியும். காவி எழுதிப் பார்க்கிற ஒரு நாள் இங்கே மிகப் பெரிய இழப்பு. உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருக்கிறவர்கள் பிள்ளையைக் கொஞ்சாமல் தள்ளி நிற்பது நல்லது.

கையில், கணுக்காலில் தோல் உரிவது இயல்பு. நாள் தள்ளிப் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக உரியும். மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைக் குருணைகள் இருந்தால் அவை ஒரு மாதத்துக்குள் மறையும். மேலண்ணத்தில் அதே போன்ற முத்துகள் தெரிந்தால் பல் என்று நினைத்துச் சுரண்ட வேண்டாம்.

மஞ்சள்: வளவு வெளிச்சத்தில் பாருங்கள்

பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் கொஞ்சமாவது மஞ்சளாகும். பழைய ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது வரும் பிலிருபின் என்ற நிறமியை, இன்னும் பழகாத ஈரல் உடனுக்குடன் வெளியேற்ற முடியாததே காரணம். இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். சுகப்பிரசவம் ஆனவர்கள் மூன்றாம் நாளில் வீடு திரும்பிவிடுவதால், அந்த உச்சம் வருவது பெரும்பாலும் வீட்டில்தான்.

செட்டிநாட்டு வீடுகளில் இதைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேறுகாலப் பெண்ணைக் காற்றுப் படாமல் உள்ளறையில் வைக்கிறோம். அங்கே பகலிலும் விளக்கு வெளிச்சம்தான். சில வீடுகளில் சன்னலுக்கு மேல் பதித்த வண்ணக் கண்ணாடி வழியாகப் பச்சையும் மஞ்சளுமாக ஒளி விழும். அந்த வெளிச்சத்தில் மாநிறப் பிள்ளையின் மஞ்சளைக் கண்டுபிடிக்க முடியாது. தினம் காலையில் ஒரு முறை பிள்ளையை வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) ஓரத்துக்கு, வெயில் நேராகப் படாத வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். நெற்றியில் விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுக்காமல் மஞ்சளாகத் தெரிந்தால் மஞ்சள் இருக்கிறது. அப்படியே நெஞ்சு, வயிறு, தொடை, உள்ளங்கால் என்று இறங்கிப் பாருங்கள். மஞ்சள் தலையிலிருந்து காலுக்கு இறங்கும். கீழே இறங்க இறங்க அளவு கூடியிருக்கிறது என்று பொருள். இது தோராயமான கணக்குத்தான். சரியான அளவு ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். பிள்ளைக்குக் கஸ்தூரி மஞ்சள் பூசியிருந்தால் இந்தச் சோதனையே பயனற்றுப்போகும். மஞ்சள் பூச வேண்டாம் என்று சொல்ல இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அன்றே மருத்துவமனை. எந்த நாளானாலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் அன்றே மருத்துவமனை. பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பாலுக்கு எழுப்ப முடியாவிட்டாலோ அதே விதி. பிலிருபின் மூளைக்குப் போனால் காது கேளாமையும் மூளை வாதமும் நிரந்தரமாகத் தங்கிவிடும். இளவெயிலில் காட்டினால் சரியாகும் என்பதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். மருத்துவமனையில் கொடுப்பது அளந்த நீல ஒளி, உடம்பின் பெரும்பகுதியில் தொடர்ந்து பல மணி நேரம் படும்படி. வெயிலில் கால் மணி நேரம் வைப்பது அதற்கு ஈடாகாது. நம் வெயிலில் பிள்ளையின் நீர்ச்சத்து குறைந்துபோகும் ஆபத்துதான் மிச்சம்.

வீட்டில் செய்யக்கூடியது பால் கொடுப்பது. நாளைக்கு 8 முதல் 12 முறை. பிலிருபின் மலத்தோடுதான் வெளியேற வேண்டும், மலம் போகப் பால் வேண்டும். சேனை வைப்பதும் (பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கும் வழக்கம்) சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும் வயிற்றை நிரப்பித் தாய்ப்பாலைக் குறைக்கின்றன.

அடுத்தது அந்துருண்டை. பழைய கண்டாங்கிச் சேலைகளையும் தாத்தா காலத்துத் துணிகளையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தூளிக்கும் இடுப்புத் துணிக்கும் கிழிப்பது நம் ஊர் வழக்கம். பல முறை துவைத்து மெலிந்த பருத்தி பிள்ளைத் தோலுக்கு ஏற்றதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்டியில் நாப்தலின் அந்துருண்டை போட்டிருந்தால் அதன் ஆவி துணியில் ஏறியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைகளுக்கு அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டமாக உடைத்து, மஞ்சளை ஒரே நாளில் ஏற்றிவிடும். அந்தக் குறை இருப்பது வெளியே தெரியாது. அந்துருண்டை வாசம் அடிக்கும் துணியை வெந்நீரில் அலசி, வெயிலில் பல நாள் காயவிட்டு, வாசம் அறவே போனபின் எடுங்கள். போகாவிட்டால் அந்தத் துணியே வேண்டாம். கஞ்சி போட்ட சேலை என்றால் கஞ்சி முழுக்க இறங்கும்வரை அலச வேண்டும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தால் மலத்தைப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலம் மஞ்சளாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு போல வெளிறியும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியும்படியும் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் நன்றாக இருக்கும்.

மச்சங்கள்

இடுப்பிலும் பிட்டத்திலும் நீலச் சாம்பல் திட்டு நம் பிள்ளைகளில் மிகச் சாதாரணம். அடிபட்ட ரத்தக்கட்டு நாலைந்து நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும், இது மாறாது. சில ஆண்டுகளில் மங்கும். இமையிலும் நெற்றி நடுவிலும் பிடரியிலும் இருக்கும் வெளிர்சிவப்புத் திட்டு, பிள்ளை அழும்போது கூடுதலாகச் சிவக்கும். இமையில் இருப்பது ஓரிரு ஆண்டில் மறையும், பிடரியில் இருப்பது தங்கினாலும் தொல்லையில்லை. முகத்தின் ஒரு பக்கம் மட்டும், நெற்றியும் இமையும் சேர்ந்து கருஞ்சிவப்பாக இருந்தால் கண்ணையும் மூளையையும் பரிசோதிக்க வேண்டும். அது மறையாது.

செந்நிறத்தில் மேலெழும்பி வளரும் ரத்தநாளக் கட்டி பிறக்கும்போது பெரும்பாலும் இருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் கீறல் போல, வெளிர்த் திட்டு போலத் தொடங்கி முதல் ஐந்து மாதத்தில் வேகமாக வளரும், பிறகு ஆண்டுக்கணக்கில் சுருங்கும். உடம்பில் ஒன்றிரண்டு சிறிதாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். இமை, உதடு, மூக்கு நுனி, தாடைப் பகுதி, கீழ்முதுகின் நடு ஆகிய இடங்களில் இருந்தாலோ ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தாலோ முதல் மாதத்திலேயே காட்ட வேண்டும். இப்போது புரோப்ரனலால் மருந்து நல்ல பலன் தருகிறது, ஆனால் வளரும் காலத்திலேயே தொடங்க வேண்டும். தானாகச் சுருங்கும் என்று ஆறு மாதம் காத்திருப்பவர்கள் அந்தக் காலத்தைத் தவறவிடுகிறார்கள்.

எண்ணெயும் குளியலும்

காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும் முறையில் ஒரு தவறும் இல்லை. வழுக்கும் பிளாஸ்டிக் தொட்டியைவிடப் பிடி நன்றாகவே இருக்கும். தவறு மற்றவற்றில்தான்: அதிகச் சூடு, அதிக நேரம், அதிகத் தேய்ப்பு.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், நன்றாகக் கலக்கிவிட வேண்டும். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில்தான் சுட்டுக்கொள்வது நடக்கிறது. சூடு 37 டிகிரி, அதாவது முழங்கையை நனைத்தால் சூடும் குளிரும் தெரியாத அளவு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துவட்டும் துணியும் மாற்றுத் துணியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முகத்துக்கு நனைத்த துணி போதும், சோப்பு வேண்டாம். பிறகு உடம்பு. சூடு அதிகம் வெளியேறுவது தலை வழியாக என்பதால் தலை கடைசியில். சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் மட்டும், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று முறை. மொத்தம் ஐந்து நிமிடம். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் தாய்சேய்ப் பெட்டகத்தில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாம் இருக்கும், தினமும் எல்லாவற்றையும் போட்டாக வேண்டும் என்பதில்லை. குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றக் கூடாது, தோல் வெந்துவிடும். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றுங்கள். கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் ஈரம் தங்கினால் இரண்டே நாளில் வெந்து சிவக்கும்.

எண்ணெய் தேய்ப்பதென்றால் தேங்காய் எண்ணெய். முழு உடம்புக்கும் ஒரு தேக்கரண்டி, குளியலுக்குக் கால் மணி நேரம் முன்பு. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் மேல்தோலின் தடுப்பைக் குலைக்கின்றன. ஆரோக்கியமான பிள்ளைக்கு எண்ணெய் கட்டாயம் என்று மருத்துவம் சொல்லவில்லை. ஆனால் மெல்ல நீவிவிடுவதால் கெடுதலும் இல்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது வேறு: மூச்சுக்குழாயில் இறங்கும் எண்ணெய் நுரையீரலில் தங்கிச் சளிக்காய்ச்சலாகும். பூனைமுடி உதிரப் பயத்தமாவு போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்த முடி சில வாரங்களில் தானாக உதிரும். மாவின் குருணை தோலைச் சிராய்ப்பதும் மடிப்பில் ஒட்டிப் புளிப்பதும்தான் நடக்கும். ஆணானாலும் பெண்ணானாலும் மார்பு புடைத்திருப்பது தாயின் ஹார்மோனால். அதைப் பிழிந்து பால் எடுத்தால் சீழ்க்கட்டியாகும். தொப்புள் கொடியில் சாம்பலும் விளக்கெண்ணெயும் வேண்டாம், காய்ந்த நிலையில் விட்டால் 5 முதல் 15 நாளில் விழும். சுற்றியுள்ள தோலில் சிவப்புப் பரவினால் காட்டுங்கள். கண்மையில் ஈயம் இருக்கக்கூடும். பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் துணியில் வையுங்கள்.

வெயில் காலமும் மூன்றாம் வாரமும்

சித்திரை, வைகாசியில் பிறந்த பிள்ளைக்கு வேர்க்குரு வராமலிருந்தால்தான் ஆச்சரியம். பிள்ளையின் வியர்வைக் குழாய்கள் எளிதில் அடைபடும். எண்ணெய்ப் பிசுக்கும் பவுடரும் அடைப்பைக் கூட்டும், நைலான் சேலையில் கட்டிய தூளி காற்றையே விடாது. துணியைக் குறையுங்கள், விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓட விடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஓரிரு நாளில் அடங்கும். பெரியவர்கள் அணிவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் பிள்ளைக்குப் போடச் சொல்வது குளிர்காலக் கணக்கு, அது நம் கோடைக்குப் பொருந்தாது. பவுடர் நுரையீரலுக்குள் போகும் என்பதால் எந்தக் காலத்திலும் தேவையில்லை.

மூன்றாம் வாரத்தில் கன்னத்தில் பரு வரும், போகும். உச்சந்தலையில் மஞ்சள் செதிள் படிந்தால் கொஞ்சம் எண்ணெய் தடவி அரை மணி ஊறவிட்டு, மென்மையான பிரஷால் சீவி, ஷாம்பு போட்டு அலசுங்கள். எண்ணெயை அலசாமல் நாள் முழுக்க விட்டால் செதிள் கெட்டிப்படும். நகத்தால் பெயர்க்கக் கூடாது.

இடுப்புத் துணி கட்டும் இடத்தில் புண் வந்தால் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். மேடான பகுதிகள் சிவந்து மடிப்பு நன்றாக இருந்தால் ஈரமும் மலமும் பட்ட எரிச்சல். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி, நாளைக்குச் சில மணி நேரம் துணியில்லாமல் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தோல் தெரியாத அளவு தடிமனாகப் போட்டால் மூன்று நாளில் குறையும். மடிப்புக்குள்ளேயே ரத்தச் சிவப்பாகி, ஓரத்தில் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பூஞ்சை. நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குப் பூஞ்சைக் களிம்பு தேவை, மருத்துவர் எழுதித்தர வேண்டும்.

மருந்துக் கடையில் புண்ணைச் சொல்லிக் கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று மருந்து கலந்த களிம்பு. அதில் ஒன்று ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பு அடங்கிவிடும், அதனால்தான் அதற்கு அவ்வளவு பெயர். பிள்ளையின் மெல்லிய தோலில், அதுவும் டயாப்பர் மூடிய இடத்தில், அது உடம்புக்குள் நிறையப் போகும். தோல் இன்னும் மெலியும், பூஞ்சை உள்ளே பரவும், நாள்பட்டால் உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோனையே அடக்கிவிடும். டியூபில் அச்சிட்ட பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது பிள்ளைக்கு வேண்டாம். ஏற்கெனவே சில நாள் போட்டுவிட்டிருந்தால் டியூபையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.